எழுத்தும் கோடும்: சென்னைக் கலை இயக்க ஓவியர்களின் பாணியும் நோக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னையில் உருவான நவீனக் கலை இயக்கத்தைச் சார்ந்தோர், தம் பாணி, தாம் பெற்ற தாக்கங்கள், கலையின் நோக்கம் ஆகியவற்றைத் தொடர்ந்து விவாதித்தவர்கள். அவ்விவாதத்தின் மையத்தில் எழுத்தும் கோடும் இடம்பெற்றமைக்கான காரணங்களைக் கே.சி.எஸ். பணிக்கர், கே.எம். ஆதிமூலம் ஆகிய இருவரின் படைப்புகளை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. பணிக்கர் எழுத்தை வாசிப்பிலிருந்து விடுவித்து ஓவியமாக்கினார். ஆதிமூலம் ஓவியத்தின் கோட்டை வாசகரின் பக்கத்திற்குக் கொண்டு சென்றார். இவ்வேறுபாடு, நவீன ஓவியம் யாருக்காக என்னும் வினாவோடு தொடர்புடையது என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: சென்னைக் கலை இயக்கம், பணிக்கர், ஆதிமூலம், சோழமண்டலம், கோட்டோவியம், சிற்றிதழ்

முன்னுரை

ஓர் ஓவியர் தம் பாணியைப் பற்றிப் பேசும்போது வண்ணம், வடிவம், உத்தி ஆகியவற்றை மட்டும் குறிப்பிடுவதில்லை. யாரிடமிருந்து கற்றேன், எந்த மண்ணைச் சார்ந்தவன், எதைக் கொண்டு வாழ்கிறேன், யார் பார்ப்பதற்காக வரைகிறேன் என்னும் வினாக்களுக்கான விடைகளும் அப்பேச்சில் அடங்கியுள்ளன. விடுதலைக்குப் பிந்தைய சென்னையில் இவ்வினாக்கள் கூர்மை பெற்றன. ஐரோப்பிய நவீனத்தை முற்றிலும் மறுக்கவும் இயலாமல், அதனை அப்படியே ஏற்கவும் மனமில்லாமல் இருந்த ஒரு தலைமுறை, தனக்கான வழியைக் கோட்டில் கண்டடைந்தது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு கலைப்பள்ளி

இவ்வியக்கத்தின் பிறப்பிடம், சென்னையிலிருந்து மேற்கு நோக்கிப் பூந்தமல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பெரியமேட்டில் அமைந்துள்ள அரசு கலைப்பள்ளியாகும். இன்று அச்சாலையின் நகரப் பகுதி ஈ.வெ.ரா. பெரியார் சாலை எனவும், பள்ளி அரசு கவின் கலைக் கல்லூரி எனவும் வழங்கப்படுகின்றன. மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தம் சொந்த முயற்சியால் தொடங்கிய இப்பள்ளி, சில ஆண்டுகளில் அரசின் பொறுப்பிற்கு வந்தது. தொடக்கத்தில் இதன் நோக்கம் கைவினைப் பயிற்சியே. மண்பாண்டம், உலோகம், மரவேலை ஆகியவற்றில் தேர்ந்த கைவினைஞரை உருவாக்குவதே முதன்மையாகக் கருதப்பட்டது.

1929 முதல் 1957 வரை பள்ளிக்குத் தலைமை வகித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் காலத்தில் ஓவியமும் சிற்பமும் முன்னிலை பெற்றன. சென்னைக் கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலை அவர் படைத்தது. மனித உடலின் தசையமைப்பை உள்ளவாறு காட்டும் அவருடைய பாணி மேலைக் கல்விமுறை சார்ந்தது. அவருடைய மாணவர்களான பணிக்கரும் எஸ். தனபாலும் அப்பயிற்சியைப் பெற்றுக்கொண்டு, அதிலிருந்து விலகிச் சென்றவர்கள். குருவின் திறனை மதித்துக்கொண்டே அவர் பாணியைத் தொடராமை இவ்வியக்கத்தின் முதற்பண்பு எனலாம். பள்ளியின் பழைய கைவினை மரபோ, மாணவர்களின் கையிலும் கருவியிலும் தங்கியிருந்தது.

பணிக்கர்: தாக்கத்திலிருந்து விடுபடல்

1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். நீர்வண்ண நிலக்காட்சிகளில் தொடங்கிய அவருடைய படைப்புகளில் வான்கோ, கோகன் ஆகியோரின் தாக்கத்தையும், பின்னர் அஜந்தா ஓவியங்களின் தாக்கத்தையும் காணலாம். 1954-இல் அவர் ஐரோப்பாவிற்குச் சென்று தம் ஓவியங்களைக் காட்சிப்படுத்தினார். அங்குள்ள ஓவியரிடமிருந்து வேறுபடுத்தி ஓர் இந்திய ஓவியரை அடையாளம் காட்டுவது எது என்னும் வினா, அதன் பின்னர் அவர் சிந்தனையில் அழுத்தம் பெற்றது.

தெய்வ உருவங்களையோ கிராமக் காட்சிகளையோ கருப்பொருளாகக் கொள்வது இவ்வினாவிற்கான எளிய விடை. ஆயின் கருப்பொருள் இந்தியத் தன்மை உடையதாக இருப்பினும், அதனை அமைக்கும் முறை ஐரோப்பியமாகவே இருத்தல் கூடும். எனவே பணிக்கர், எதை வரைவது என்பதிலிருந்து எவ்வாறு வரைவது என்பதை நோக்கித் திரும்பினார். 1963 முதல் அவர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை இத்திருப்பத்தின் விளைவு. மலையாள எழுத்தின் வளைவுகளை ஒத்த வரிகள், சாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள், சிறு உருவங்கள் ஆகியன இவ்வோவியங்களில் நெருக்கமாக நிரம்பியுள்ளன. ஒரு மாணவரின் கணக்குக் குறிப்பேட்டுப் பக்கம் இதற்குத் தூண்டுதலாயிற்று என்று கூறுவர்.

இவ்வரிகளைப் படிக்க முயல்வோர் ஏமாற்றமடைவர். அவை எழுத்தைப் போன்றவை, எழுத்து அல்ல. சாதக ஓலையையோ மந்திரத் தகட்டையோ படிக்கத் தெரியாத ஒருவர் அதன் வரிகளைப் பொருளறியாமலே நோக்கி, அதில் ஏதோ ஓர் ஒழுங்கு உண்டென உணர்வதுண்டு. அந்நிலையையே பணிக்கர் பார்வையாளருக்கு ஏற்படுத்துகிறார். ஒளி நிழலாலும் தொலைவுக் காட்சியாலும் ஆழத்தைத் தோற்றுவிக்கும் மேலை முறை இங்குக் கைவிடப்பட்டு, சுவடியின் தட்டையான பரப்பு அதனிடத்தைப் பெறுகிறது.

கைவினையும் வாழ்வாதாரமும்

கோடு ஓவியத்தோடு நின்றுவிடவில்லை. பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டை அடித்து உருவாக்கி, அதன்மேல் கம்பிகளைப் பற்றவைத்துக் கோட்டு வேலைப்பாட்டை அமைத்தார். கோயில் திருமேனிகளுக்குச் சாத்தும் கவசத்தைப் போல முன்புறத் தோற்றத்திற்கு முதன்மை அளிக்கும் சிற்பமுறை இதனால் வளர்ந்தது. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலும் இவ்வழியை விரிவாக்கினார்.

பாணியைப் பற்றிய பேச்சு வாழ்வாதாரத்தைப் பற்றிய பேச்சாகவும் இருந்தது. அக்காலச் சென்னையில் நவீன ஓவியங்களை வாங்குவோர் மிகச் சிலரே. படித்து வெளியேறிய மாணவர்கள் வேறு வேலைக்குச் சென்று வரைவதைக் கைவிடும் நிலை கண்டு, பணிக்கரும் உடனிருந்தோரும் ஒரு வழியை வகுத்தனர். பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைக் கூட்டாகச் செய்து விற்று, அவ்வருவாயின் துணையோடு ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினர். 1966-இல் அங்குச் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாயிற்று. கோரமண்டலம் என ஐரோப்பியர் வழங்கிய கடற்கரையின் பழம்பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்டனர். பிழைப்புக்குக் கைவினை, விருப்பத்திற்கு ஓவியம் என்னும் இவ்வமைப்பில் ஓவியம் சந்தையின் விருப்பத்திற்கு வளைய வேண்டியதில்லை. எளிதில் விலைபோகாத ‘சொற்களும் குறியீடுகளும்’ போன்ற முயற்சிகளுக்கு இத்தகைய சூழல் இன்றியமையாதது.

ஆதிமூலம்: அச்சுப் பக்கத்தில் கோடு

முற்போக்கு ஓவியர் சங்கம் 1961 முதல் வெளியிட்ட ‘ஆர்ட் டிரெண்ட்ஸ்’ இதழ், இக்கலைஞர்களின் சிந்தனைகளுக்குக் களமாயிற்று. ஆயின் அது ஆங்கில இதழ். தமிழ் வாசகருள் பெரும்பாலோர் அவ்விவாதத்திற்கு வெளியே இருந்தனர். இவ்விடைவெளியைக் குறைத்தோருள் முதன்மையானவர் ஆதிமூலம்.

1938-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்த ஆதிமூலம், சென்னைக்கு வந்து தனபாலின் வழிகாட்டுதலைப் பெற்று, அரசு கலைப்பள்ளியில் பயின்றார். காந்தி நூற்றாண்டையொட்டி 1969-இல் அவர் காந்தியின் உருவத்தை 100 கோட்டோவியங்களாக வரைந்தார். அறிமுகமான ஒரே முகத்தை மீண்டும் மீண்டும் வரைவதால், யார் என்னும் வினா பின்தங்கி, எவ்வாறு என்னும் வினா மேலெழுகிறது. ஓரிடத்தில் ஒற்றைக் கோடு முதுமையைக் காட்டுகிறது. மற்றோரிடத்தில் அடர்ந்த கீறல்கள் உறுதியைக் காட்டுகின்றன. அரசர்களைப் பற்றிய வரிசையில் அணியும் ஆடையும் கோடுகளாகப் பெருகி, ஆளை மறைக்கும் அளவிற்கு வளர்வதில் எள்ளல் தோன்றுகிறது.

1970-இல் தொடங்கிய ‘கசடதபற’ போன்ற சிற்றிதழ்களோடும், புதுக்கவிதை, நவீன நாடகம் சார்ந்த எழுத்தாளர்களோடும் ஆதிமூலம் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தார். நூல் அட்டைகளிலும் இதழ்ப் பக்கங்களிலும் தலைப்பெழுத்துகளிலும் அவர் கோடு இடம்பெற்றது. கி. ராஜநாராயணனின் எழுத்துகளுக்கு அவர் வரைந்த படங்கள், கண்காட்சிக் கூடத்திற்குச் சென்றறியாத வாசகரையும் சென்றடைந்தன. கதையின் நிகழ்ச்சியை அப்படியே காட்டும் வழக்கமான பத்திரிகைப் படத்திலிருந்து அவை வேறுபட்டவை. எழுத்திற்கு அருகில் நின்று தனித்து ஒலிப்பவை. பிற்காலத்தில் ஆதிமூலம் வண்ணத்தாலாகிய அருவ ஓவியங்களுக்கு நகர்ந்தபோதும், தமிழ் வாசகரின் நினைவில் நிலைத்தது அவருடைய கறுப்பு வெள்ளைக் கோடே.

இரு வழிகளும் ஒரு வினாவும்

பணிக்கர், ஆதிமூலம் ஆகிய இருவரும் ஒரே பள்ளியில் உருவானவர்கள்; எழுத்திற்கும் ஓவியத்திற்கும் இடைப்பட்ட எல்லையில் இயங்கியவர்கள். ஆயின் அவர்கள் எதிரெதிர்த் திசைகளில் அவ்வெல்லையைக் கடந்தனர். பணிக்கரின் வழி ஓவியத்திற்குத் தன்னாட்சியை அளித்தது. இந்தியத் தன்மை என்பது கதையிலோ உருவிலோ மட்டுமன்றி அமைப்பிலும் உண்டு என்பதை அது நிறுவியது. ஆயின் அவ்வோவியத்தைக் காண, பார்வையாளர் கூடத்திற்கு வந்தாக வேண்டும். ஆதிமூலத்தின் வழி ஓவியத்திற்கு ஒரு மக்கள் பரப்பைத் தேடித் தந்தது. ஆயின் அச்சுத்தாளின் அளவும் மையின் ஒற்றை நிறமும் அதற்கு வரம்புகளாயின.

இவற்றுள் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துதல் பொருந்தாது. பணிக்கர் தலைமுறை கோட்டிற்குத் தன்மதிப்பை ஈட்டித் தந்திராவிடின், இதழ்ப்படம் கதைக்கு அடங்கிய துணையாகவே நின்றிருக்கக்கூடும். ஆதிமூலம் போன்றோர் அதனை வாசகரிடம் கொண்டு செல்லாதிருப்பின், நவீன ஓவியம் தமிழ்ச் சூழலில் சிறு வட்டத்தினரின் பொருளாகவே ஒடுங்கியிருக்கும்.

முடிவுரை

சென்னைக் கலை இயக்கத்தின் பாணி, ஓவியருக்கு ஓவியர் வேறுபட்டாலும், கோட்டை அடிப்படையாகக் கொள்வதில் ஒன்றுபடுகிறது. இத்தேர்வு அழகுணர்ச்சியால் மட்டும் அமைந்ததன்று. கோடு சுவடியிலும் சாதகத்திலும் உலோகக் கவசத்திலும் முன்னரே இருந்தது. குறைந்த பொருட்செலவில் இயல்வது. துணி, தகடு, தாள் எனப் பரப்பு மாறினும் உடன்செல்வது. தாக்கம், அடையாளம், வாழ்வாதாரம், பார்வையாளர் என்னும் நான்கு வினாக்களுக்கும் ஒருங்கே விடையளித்தமையாலேயே அது ஒரு தலைமுறையின் மொழியாயிற்று. ஆகவே இக்கலைஞர்களை ஆராய்வோர், கூடங்களிலுள்ள ஓவியங்களோடு அவர்களின் நூல் அட்டைகளையும் இதழ்ப் படங்களையும் இணைத்து நோக்குதல் வேண்டும். தமிழ் வாசகரில் பலர் நவீன ஓவியத்தை முதன்முதலாகச் சந்தித்த இடம் அத்தாள்களே. பழைய இதழ்கள் சிதைந்து மறையும் முன் அவற்றைத் தொகுத்து, ஆண்டு வரிசைப்படுத்திப் பாதுகாத்தல் அவ்வாய்வின் முதற்படியாகும்.