நீரில் விழும் நாய் கரையேற வழி செய்க

நெல்வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் இரவுக்காவல் செய்யும் நாய் கமக்காரரின் உழைப்பிற் பங்குகொள்ளும் ஒரு சீவனாகும். காட்டுப்பன்றி வயலில் இறங்குவதையும், முள்ளம்பன்றி மரவள்ளி மேடையைக் கிளறுவதையும் மனிதர் அறியுமுன் அறிந்து குரைப்பது அதுவே. காவலுக்கு நன்கு பழகிய நாயொன்றை உருவாக்குவதற்குப் பல மாதங்கள் செல்லும். அத்தகைய நாயை ஒரே இரவில் கிணற்றிலோ வாய்க்காலிலோ இழந்துவிடும் கமக்காரர் பலர் உளர். அதிகாலையில் நீரிறைக்கச் சென்று, முந்திய இரவு முயலையோ பன்றியையோ துரத்திச் சென்ற நாய் கிணற்று நீரில் மிதக்கக் கண்டு வருந்துவோருக்கு, அவ்விழப்பு எளிதில் தடுக்கக்கூடியதாயிருந்தது என்பது பின்னரே விளங்குகின்றது.

“நாய்க்கு நீந்தத் தெரியும், அது எப்படியும் கரையேறிவிடும்” என்று கூறுவது கிராமங்களில் வழக்கம். இக்கூற்றின் முற்பகுதி பெரும்பாலும் உண்மை, பிற்பகுதியோ உண்மையன்று. கிணற்றிலும் வாய்க்காலிலும் விழும் நாய் நீந்தத் தெரியாமையால் இறப்பதிலும் பார்க்க, ஏறிவர இடமில்லாமையால் இறப்பதே அதிகம். வழுவழுப்பான சுவரில் அதன் நகங்கள் பற்றா. ஏற முயன்று சறுக்கி, மீண்டும் முயன்று, உடற்சூட்டையும் வலிமையையும் இழந்து, ஈற்றில் அமிழ்ந்துவிடுகின்றது. ஆகவே நாயைக் காக்க விரும்பும் கமக்காரர் முதலிற் செய்ய வேண்டியது, தமது நிலத்திலுள்ள ஒவ்வொரு நீர்நிலையிலும் அது கரையேறத்தக்க வழியொன்றை அமைத்து, அவ்வழியை அதற்குப் பழக்குதலாகும்.

நீந்தும் ஆற்றல்

எல்லா நாய்களும் ஒரே அளவிற்கு நீந்தமாட்டா. நீண்ட கால்களும் மெலிந்த உடலும் வாய்ந்த நாட்டு நாய் பொதுவாக நன்றாக நீந்தும். குட்டையான கால்களையுடைய டாக்ஸ்ஹண்ட், கனத்த மார்பும் தட்டையான முகமுமுள்ள புல்டோக், பக் முதலிய சாதிகள் விரைவில் அமிழ்ந்துவிடும். நாட்டு நாயேயாயினும் குட்டியும், கிழநாயும், சினைப்பட்டதும் விரைவிற் களைத்துவிடும். வயிறு நிறைய உண்ட நாயை உடனே நீரில் இறங்க விடுதலும் தகாது.

நாய்க்குட்டியைத் தூக்கி நீரில் எறிந்து நீந்தக் கற்பிக்கும் வழக்கம் கைவிடப்படல் வேண்டும். அவ்வாறு எறியப்பட்ட குட்டி நீருக்கு அஞ்சுவதோடு மூச்சுக்குழாயினுள் நீர் புகுந்து நோய்ப்படவும் கூடும். குளத்தில் ஆழமற்ற, மெல்லச் சரியும் கரையைத் தெரிந்து, குட்டியின் வயிற்றின்கீழ் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கியவாறு சிறிது தூரம் நீந்தவிட்டு, அதே கரைக்குத் திருப்பிக் கொணர்தல் வேண்டும். கரை எங்குளது என்பதை அறிவதே குட்டி கற்க வேண்டிய முதற்பாடம்.

தோட்டக் கிணறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் இல்லை. மரக்கறி, வெங்காயம், புகையிலை யாவும் சுண்ணாம்புக்கல்லை அகழ்ந்து வெட்டிய கிணறுகளை நம்பியே பயிராகின்றன. தோட்டக் கிணறுகள் பலவற்றுக்குக் கட்டு இல்லை. இருப்பினும் சில இடங்களில் அது ஒரு சாணுக்கு மேற்படாது. மாரியில் நீர் நிலமட்டத்தை அண்மி நிற்கும். கோடையில் பல அடி கீழிறங்கும். இருளில் ஓடிவரும் நாய்க்குக் கிணற்று வாய் தெரிவதில்லை.

மூன்றடி உயரமான கட்டுக் கட்டுதலே நிலையான பரிகாரம். அது நாயை மட்டுமன்றிப் பிள்ளைகளையும் காக்கும். கட்டுவதற்குப் பணவசதி கிட்டும்வரை கிணற்றைச் சுற்றிப் பனைமட்டையால் வரிச்சுவேலி அடைத்து, நீரிறைக்கும் பக்கத்திற் படலையொன்று வைத்தல் போதுமானது. மாலையில் வேலை முடிந்ததும் படலையைச் சாத்துதலை மறத்தலாகாது.

இவ்வளவும் செய்த பின்னரும் நாய் விழக்கூடுமாகையால், கிணற்றினுள் மிதவையொன்று இருத்தல் நன்று. மூடி இறுக்கமாக அடைக்கப்பட்ட இரண்டு வெற்று பிளாஸ்டிக் கலன்களின்மேல் இரண்டடி அகலமான பலகையைக் கட்டி, பலகையின்மீது சாக்கைச் சுற்றி ஆணியறைந்தால் மிதவை ஆயத்தமாகிவிடும். நாய் முன்னங்கால்களைச் சாக்கின்மேற் போட்டுப் பற்றிக்கொண்டு ஆள் வரும்வரை களைப்பாறும். எண்ணெயோ கிருமிநாசினியோ அடைத்திருந்த கலன்களை இதற்கு எடுத்தலாகாது. கிணற்று நீர் நஞ்சாகும். மிதவையைக் கட்டும் கயிற்றின் நீளத்தை, நீர்மட்டம் ஏறவும் இறங்கவும் அதற்கேற்பக் கூட்டியும் குறைத்தும் வருதல் வேண்டும்.

சீமெந்து வாய்க்கால்

பெருங்குளங்களிலிருந்து வயல்களுக்கு நீர் கொண்டுசெல்லும் வாய்க்கால்கள் பல இன்று சீமெந்தினாற் பூசப்பட்டுள்ளன. நீர் வீணாவதை இது குறைக்கின்றது. ஆயினும் சரிவான அப்பக்கங்களிற் பாசி படர்ந்தபின் நாயோ கன்றோ ஏறிவருதல் அரிது. இறங்கிய இடத்திலேயே ஏற வேண்டுமென்று நாய் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும். அதனாலேயே அது களைத்துவிடுகின்றது.

குளிக்கும் படிக்கட்டுகள் உள்ள இடங்களுக்கு நாயைக் கயிற்றிற் பிடித்துக் கூட்டிச் சென்று, அப்படிகளால் இறங்கவும் ஏறவும் பல நாட்கள் பழக்குதல் வேண்டும். படிகள் இல்லாத நீண்ட பகுதிகளில், குறுக்குச் சட்டங்கள் அறைந்த பலகையொன்றைச் சரிவாக இறக்கிக் கரையிலுள்ள முளையிற் கட்டிவிடலாம். பலகைக்கு எதிரேயுள்ள கரையிலிருந்து பலகையின் கீழ்முனைவரை மிதவைகள் கோத்த கயிறொன்றைச் சாய்வாகக் கட்டினால், நீரோடு அடிபட்டு வரும் நாய் கயிற்றின் வழியே பலகையை வந்தடையும். நீரோட்டத்தைத் தடுக்கும் எதனையும் வாய்க்காலில் அமைக்குமுன் நீர்ப்பாசனத் திணைக்கள உத்தியோகத்தரின் அனுமதியைப் பெறுதல் வேண்டும்.

குளம்

வடகீழ்ப் பருவமழையாற் குளங்கள் நிறைந்து வான்பாயும் நாட்களில் நாயைக் குளக்கரைக்கு விடுதல் ஆபத்தானது. வானிற் பாயும் நீர் ஒரு சாண் உயரமேயாயினும் நாயை அடித்துச் செல்லும். துருசு திறந்திருக்கும் வேளையில் அதன் அருகிலுள்ள நீர் மேலே அமைதியாகத் தோன்றினும் அடியில் வலிமையாக இழுக்கும். துருசுக்கும் வானுக்கும் அருகில் நாயை எக்காலத்திலும் நீந்த விடலாகாது.

தாமரையும் ஆற்றுவாழையும் அடர்ந்த இடங்களிற் கால்கள் சிக்கும். கழுத்திற் கயிறோ தொங்கும் சங்கிலியோ உள்ள நாய் இவ்விடங்களில் எளிதில் மாட்டிக்கொள்ளுமாகையால், நீரில் இறங்குமுன் அவற்றைக் கழற்றிவிடுதல் வேண்டும்.

இலங்கையில் இருவகை முதலைகள் உள. உலர்வலயக் குளங்களிற் காணப்படுவது ஒரு வகை. பெரும்பாலும் களப்புகளிலும் ஆற்றுமுகங்களிலும் வாழ்வது மற்றொரு வகை. இரண்டும் நாயை இரையாகக் கொள்ளும். கோடையில் நீர் வற்ற வற்ற முதலைகள் எஞ்சியுள்ள மடுக்களில் ஒன்றுசேரும். ஆகையால் முதலை காணப்பட்ட குளத்தில் எவ்வேளையிலும் நாயை நீந்தவிடலாகாது. மாலைக்கருக்கலுக்குப் பின் நீர்விளிம்பிற் குடிக்கவும் விடலாகாது. வீட்டிலேயே நீர் வைத்தல் நன்று. முதலைகள் சட்டத்தினாற் பாதுகாக்கப்பட்டவை. அவற்றால் இடையூறு நேரின் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவித்தலே முறை.

பிள்ளைகள் தடியை நீரில் எறிந்து நாயைக் கொண்டுவரச் செய்தல் குளக்கரைகளிற் காணப்படும் விளையாட்டு. தடியை வாயிற் கவ்வி நீந்தும் நாய் ஒவ்வொரு முறையும் நீரை விழுங்குகின்றது. இடைவிடாது விளையாடினால் இரத்தத்திலுள்ள உப்பு அளவுக்குமீறி ஐதாகி, வயிறு ஊதுதல், வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு ஆகியவை தோன்றி நாய் இறக்கவும் கூடும். சிறிது நேரத்துக்கொருமுறை விளையாட்டை நிறுத்தி நாயை ஓய்வெடுக்கச் செய்தல் வேண்டும்.

வரட்சிக் காலத்தில் தேங்கிய நீரின்மேற் பச்சை வர்ணத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் ஆடை படிவதுண்டு. இது நீலப்பச்சைப் பாசியாயின் நஞ்சுடையதாயிருக்கலாம். அதில் நீந்தி வந்து மயிரை நக்கும் நாய் சில மணி நேரத்துள் இறக்கக்கூடும். இத்தகைய நீரில் நாயையும் மாட்டையும் இறக்கலாகாது. தவறி இறங்கிய நாயை அது நக்குமுன் நன்னீராற் கழுவுதல் வேண்டும்.

வயல்நீரும் நோயும்

எலிக்காய்ச்சற் கிருமி எலி, மாடு, எருமை முதலியவற்றின் சிறுநீர் வழியாகச் சேற்றிலும் நீரிலும் கலக்கின்றது. வயல்நீரிற் புரளும் நாய்க்கும் அது தொற்றும். தொற்றிய நாயின் சிறுநீர் வழியாக வீட்டாருக்கும் பரவும். 2008 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 7,000 பேருக்கு மேல் இந்நோயால் பீடிக்கப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்டனர். நாய்க்கு ஆண்டுதோறும் இதற்குரிய தடுப்பூசி போடுவித்தல் நன்று. உணவில் வெறுப்பு, காய்ச்சல், வாந்தி, கண்ணும் ஈறும் மஞ்சளாதல் என்பன காணப்படின் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். கமக்காரரும் சேற்றில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு தமக்குரிய தடுப்பு மருந்தைப் பெறுதல் வேண்டும்.

கிருமிநாசினியோ களைநாசினியோ தெளித்த வயலிலிருந்து நாயை விலக்கி வைத்தல் அவசியம். தெளிகருவியை வாய்க்காலிற் கழுவுவோர் தமது நாய்க்கும் அயலாரின் மாட்டுக்கும் நஞ்சூட்டுகின்றனர் என்பதை உணர்தல் வேண்டும்.

நீந்தி வந்த நாயின் காதுகளைத் துணியால் துடைத்து உலர்த்தாவிடிற் காதுப்புண் உண்டாகும். ஒரு மூக்குத்துளையால் மட்டும் இரத்தம் கசிந்து நாய் ஓயாது தும்முமாயின், உள்ளே அட்டை புகுந்திருக்கலாம். உப்புநீரையோ புகையிலைச் சாற்றையோ மூக்கில் ஊற்றாது மிருக வைத்தியரை நாடுதல் வேண்டும்.

மீட்கும் முறை

நாய் நீரிற் போராடுவதைக் கண்டவுடன் கமக்காரர் தாமும் குதித்தல் பெரும் பிழை. அச்சமுற்ற நாய் தன்னைக் காப்பவரின் தோள்மீது ஏறி அவரையும் அமிழ்த்தும். கரையில் நின்றவாறே நீண்ட தடியையோ, மிதக்கும் கலனொன்றைக் கட்டிய கயிற்றையோ நீட்டி அதைக் கரைக்கு இழுத்தல் வேண்டும். கழுத்திற் சுருக்கிட்டு இழுத்தால் அது மூச்சடைத்து இறக்கும். முன்னங்கால்களுக்குப் பின்னே மார்பைச் சுற்றியே கயிற்றைப் போடுதல் வேண்டும்.

கிணற்றில் விழுந்த நாயை எடுப்பதற்கு வலிமையான பெரிய கடகமொன்றின் நான்கு பக்கங்களிலும் கயிறு கட்டி, ஒரு கல்லை உள்ளே வைத்து நீரினுள் அமிழுமாறு இறக்கி, நாயின்கீழ்ச் செலுத்தி மெல்லத் தூக்கலாம். கடகத்தின் அடியையும் சுற்றிக் கயிறு வரிந்திருத்தல் வேண்டும். எவரும் தனியே கிணற்றில் இறங்கலாகாது. கிணற்றினுள் எண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் ஓடியிருப்பின், அதன் நச்சுப்புகை நின்று இறங்குபவரின் உயிரை மாய்த்துவிடும். நாய்க்காக மனித உயிரை இழத்தல் கூடாது.

மீட்கும்போது நாய் கடித்துவிடின், அது வளர்த்த நாயேயாயினும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். “நீரில் இறங்கும் நாய்க்கு விசர் இல்லை” என்னும் நம்பிக்கை தவறானது. விசர்நாயும் நீரில் இறங்கும், நீர் குடிக்கவும் முயலும்.

முதலுதவி

கரைசேர்ந்த நாயின் வாயைத் திறந்து சேற்றையும் பாசியையும் அகற்றி, நாக்கை முன்னே இழுத்து விடுக. தலை சற்றுத் தாழ்ந்திருக்கச் சில விநாடிகள் கிடத்தினால் வாயிலுள்ள நீர் வெளியேறும். பின்னங்கால்களைப் பிடித்துச் சுழற்றுதல் பயனற்றது, காலமும் வீணாகும்.

மூச்சு இல்லையாயின், பக்கவாட்டிற் கிடத்தி வாயை இறுக மூடி, மூக்கின் வழியாக மார்பு உயரும்வரை ஊதுக. இதயத்துடிப்பும் இல்லையாயின், மார்பின் அகலத்தில் மூன்றிலொரு பங்கு தாழுமாறு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை அழுத்துக. 30 அழுத்தங்களுக்கு ஒருமுறை இருதடவை ஊதுக. தடுப்பூசி போடாத, அறியாத நாயாயின் வாய்வைத்து ஊதாது அழுத்துதல் மட்டுமே செய்யத்தக்கது.

மூச்சு மீண்டதும் சாக்கினால் துடைத்துச் சூடாக வைத்திருத்தல் வேண்டும். எழுந்து நடந்தமையால் நாய் பிழைத்துவிட்டதெனக் கருதலாகாது. நுரையீரலிற் புகுந்த நீரால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் தோன்றும். ஆதலால் ஒரு முழுநாள் அவதானித்து, இருமலோ விரைந்த மூச்சோ காணின் தாமதமின்றி மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

கமக்காரர் கவனத்துக்கு

1. கிணற்றுக்குக் கட்டு அல்லது வேலி அமைக்க. மாலையிற் படலையைச் சாத்துக.
2. கிணற்றில் மிதவையும், கிணற்றடியிற் கயிறும் கடகமும் எப்போதும் ஆயத்தமாயிருக்கட்டும்.
3. வாய்க்காலிற் கரையேறும் இடத்தை நாய்க்குக் காட்டிப் பழக்குக.
4. துருசு, வான், முதலை, பச்சைப்பாசி உள்ள இடங்களில் நாயை இறக்காதிருக்க.
5. விசர்நோய்க்கும் எலிக்காய்ச்சலுக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவிக்க.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு பலகை, இரண்டு கலன்கள், ஒரு கயிறு, அரைநாள் வேலை என்பனவே தேவை. அடுத்த மாரி தொடங்குமுன் இவ்வேலையை முடித்துவைக்கும் கமக்காரரின் நாய் இரவில் நீரில் விழுந்தாலும் விடியும்வரை உயிரோடிருக்கும். அடுத்த இரவும் அவரது பயிரைக் காக்கும்.