30 ரூபாய் பீசைத் திருப்பிக் கொடுத்த பாரிஸ்டர்!

பீர்க்கன்கரணையில் இருந்து காலையில் கிளம்பி, பெருங்களத்தூரில் ரெயில் பிடித்து நகரத்துக்கும், பஸ் ஏறி தாம்பரம் மெப்ஸ் வளாகத்துக்கும் வேலைக்குப் போகிறவர்களில் சிலருக்கு, நெரிசலை விட இன்னொரு கவலை பெரிசு. "இன்னிக்கு மீட்டிங்கிலே நீங்கதான் பேசணும் சார்" என்று மேனேஜர் சொல்லி இருப்பார்.

கேட்கப்போவது என்னவோ கூட வேலை பார்க்கும் 10 பேர்தான். நேற்று வரை ஒன்றாக டீ குடித்தவர்கள். ஆனாலும் எழுந்து நின்றதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. திரையில் இருப்பதை அப்படியே படித்துவிட்டு உட்கார்ந்து விடுகிறார்கள். வேலை செய்தவர் ஒருவர், வாய் உள்ளவருக்குப் பிரமோஷன்! இதுவும் நடக்கத்தான் செய்கிறது.

இந்த நடுக்கம் காந்திஜிக்கே இருந்தது.

தலை சுற்றியது

லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கிக்கொண்டு 1891ல் ஊர் திரும்பியவர் அவர். பம்பாய் ஸ்மால் காசஸ் கோர்ட்டில் முதல் கேஸ். பீஸ் 30 ரூபாய். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது. ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்து விட்டார். பீசைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொன்னார். 51 ரூபாய்க்கு வந்த வக்கீலுக்கு அந்தக் கேஸ் வெறும் பிள்ளை விளையாட்டு! சுயசரிதையில் காந்திஜியே இதை எழுதி இருக்கிறார்.

வியாபாரிகள் நடுவே...

1893ல் தென்னாப்பிரிக்கா போனார். பிரிட்டோரியா நகரில் இந்தியர்களைக் கூட்டினார். வந்தவர்கள் பெரும்பாலும் வியாபாரிகள். வியாபாரத்தில் உண்மை செல்லாது என்று அவர்கள் சொல்வதை முன்பே கேட்டிருந்தார். அதையே விஷயமாக எடுத்துக்கொண்டு, தயாராகப் போனார். கடைக்காரர்கள் முன்னாலேயே வியாபாரத்திலும் உண்மை வேண்டும் என்று பேசினார்! கேட்டவர்கள் மனதில் தைத்தது. அதுதான் அவருடைய முதல் பொதுப் பேச்சு.

இங்கிலீஷ் சொல்லித் தருவதாகவும் சொன்னார். முன்வந்தவர்கள் 3 பேர்: ஒரு முடிதிருத்துபவர், ஒரு கிளார்க், ஒரு சில்லறைக் கடைக்காரர். அவர்கள் இடத்துக்கே போய்ச் சொல்லிக் கொடுத்தார்.

இடையில் தொண்டை ஒன்றும் மாறிவிடவில்லை. கோர்ட்டில் கையில் இருந்தது யாரோ கொடுத்த கேஸ் கட்டு. பிரிட்டோரியாவில் பேசியது, தானே காதால் கேட்டு யோசித்து வைத்த சங்கதி.

"வந்து... வந்து..."

பேசிப் பழகவே அமெரிக்காவில் ரால்ப் ஸ்மெட்லி என்பவர் 1924ல் தொடங்கியது டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கம். சென்னையிலும் கிளைகள் உண்டு. பேச்சுக்கு வழக்கமாக 5 முதல் 7 நிமிடம். நேரத்தைக் காட்ட பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு. பேசுகிறவர் எத்தனை தடவை "ஆ... ம்..." என்று இழுக்கிறார் என்று எண்ண ஒரு தனி ஆள்! நம்ம ஊரில் "வந்து... வந்து..."வை எண்ணினாலே போதும், நோட்டு நிரம்பிவிடும்.

சங்கத்துக்குப் போக நேரம் இல்லாதவர்கள் முதல் நாள் ராத்திரி வீட்டிலேயே வாய்விட்டுப் பேசிப் பார்க்கலாம். மனசுக்குள் படிப்பது கணக்கில் சேராது. முதல் இரண்டு வரி மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுக்கம் அதிகம் அந்த அரை நிமிடத்தில்தான். யாராவது கேள்வி கேட்டு, பதில் தெரியாவிட்டால் "பார்த்துட்டு சாயந்திரம் சொல்றேன் சார்" என்பதில் கவுரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. சாயந்திரம் மறக்காமல் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.