மூளையைப் படிக்க லட்சங்கள் வேண்டாம்

விபத்தில் கையை இழந்தவருக்கு, இல்லாத அந்தக் கை வலிக்கும். மடக்கிய விரல்களை விரிக்க முடியவில்லை என்று துடிப்பார். இப்படி அவதிப்பட்டவர்களுக்காக நரம்பறிவியலாளர் வி.எஸ்.ராமச்சந்திரன் 1990களில் ஓர் எளிய கருவியைச் செய்தார். ஒரு பெட்டி, அதற்குள் நிறுத்திய முகம் பார்க்கும் கண்ணாடி, அவ்வளவுதான். இருக்கும் கையின் பிம்பம், இல்லாத கை இருக்கவேண்டிய இடத்தில் தெரியும். இருக்கும் கையை அசைத்தால் இல்லாத கையும் அசைவதாக மூளை நம்பும். பலருக்கு வலி குறைந்தது. உலகெங்கும் பாடப்புத்தகங்களில் இடம்பிடித்த இந்தச் சோதனையைச் செய்தவர் எம்.பி.பி.எஸ். படித்தது வடசென்னையின் ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில். கேம்பிரிட்ஜ் போனதெல்லாம் அதற்குப் பிறகு.

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு ‘நியூரோசயின்ஸ்’ எனும் நரம்பறிவியல் படிக்க வேண்டும் என்று சொல்லும் பிள்ளைகள் இப்போது பெருகிவருகிறார்கள். அது டாக்டர் படிப்பா, வேலை கிடைக்குமா, எவ்வளவு செலவாகும் என்று பெற்றோர் திகைக்கிறார்கள். அந்தத் திகைப்பில், அந்தப் பெயரையே தாங்கிய பட்டப்படிப்பைத் தேடி, ஆண்டுக்குப் பல லட்சம் கேட்கும் தனியார் பல்கலைக்கழகத்தின் வாசலில் போய் நிற்கிறார்கள். அங்கேதான் கணக்கு தவறுகிறது.

இளநிலைப் பட்டத்தில் ‘நியூரோசயின்ஸ்’ என்ற பெயர் இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தத் துறையின் ஆய்வுக்கூடங்களில் விலங்கியல் படித்தவர் அருகே இயற்பியல் படித்தவர் இருப்பார். உயிர்வேதியியல், உளவியல், கணினி, மருத்துவம் என்று எல்லாத் திசையிலிருந்தும் ஆள் வருவார்கள். நரம்பு செல்லில் பாயும் மின்சாரத்தை அளக்க இயற்பியல் வேண்டும். அளந்ததைப் புரிந்துகொள்ளக் கணிதமும் புள்ளியியலும் வேண்டும். இவற்றில் ஒன்றை அழுத்தமாகக் கற்றுத்தரும் கல்லூரியே நல்ல கல்லூரி.

சென்னையில் பிறந்த விஜயலட்சுமி ரவீந்திரநாத்தின் பாதை இதைத்தான் சொல்கிறது. ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பட்டம், மைசூர் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் முனைவர் பட்டம், பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸில் மூளை ஆய்வு. ஹரியாணாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் அமைந்தபோது அதன் நிறுவன இயக்குநர் அவர்தான். 2009இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நரம்பறிவியல் மையத்தைத் தொடங்கியவரும் அவரே. இந்தியாவில் இத்துறையின் இரண்டு பெரிய வாசல்களைத் திறந்தவர் பொதுப் பல்கலைக்கழகங்களில் படித்து வந்தவர்.

தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் போன்றவை மட்டுமே. அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப் பெண், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. ஆனால் வகுப்பறைப் பாடம் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆய்வுக்கூடப் பழக்கமும் கணினி நிரல் எழுதும் பயிற்சியும் பல கல்லூரிகளில் குறைவு. அதை மாணவர்தான் ஈடுகட்ட வேண்டும், அதற்கு வழியும் இருக்கிறது. மூளை பற்றி சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி.ஸ்ரீநிவாச சக்ரவர்த்தி நடத்தும் பாடம் என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடத் தளத்தில் இலவசம். அறிவியல் அகாடமிகள் இணைந்து வழங்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், தேசிய ஆய்வகம் ஒன்றில் இரண்டு மாதம் வேலை செய்யலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருச்சிசுக்களின் மூளைகளை 5,132 மெல்லிய சீவல்களாகப் படமெடுத்து, ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. கிராமத்துக் கல்லூரி மாணவரும் தன் கணினியில் அதைத் திறந்து பார்க்கலாம்.

பிளஸ் டூ முடித்த உடனேயே ஆராய்ச்சிச் சூழலில் நுழைய நினைப்பவர்களுக்கு திருப்பதி, திருவனந்தபுரம், புனே உள்ளிட்ட ஏழு ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி) நிறுவனங்கள் உள்ளன. ஐ.ஏ.டி. நுழைவுத்தேர்வு எழுதி ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். சேரலாம். இந்திய அறிவியல் கழகத்தில் நான்காண்டு ஆராய்ச்சிப் பட்டம் இருக்கிறது. அடிப்படை அறிவியல் படிப்போருக்கான இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். பொதுத்தேர்வில் முன்னணி ஒரு சதவீதத்தில் வருபவர்கள் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொரு செய்தி பல குடும்பங்களுக்கு எட்டுவதே இல்லை. இத்துறையில் முனைவர் பட்டத்துக்கு நாம் பணம் கட்டுவதைவிட, நமக்குப் பணம் தருவதே வழக்கம். மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். பெரிய செலவு காலம்தான். பட்டம், முதுநிலை, முனைவர் பட்டம் என்று பத்தாண்டுகள் போகும், அதன் பிறகும் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. இதை மறைத்துப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டுவது நியாயமில்லை.

சரி, ஒரு கல்லூரியின் தரத்தை எப்படி அறிவது? கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்க்காமல் ஆசிரியர்களைப் பாருங்கள். அவர்கள் பெயரை, ஆய்வுக்கட்டுரைகளைத் தொகுத்துவைக்கும் பப்மெட் தளத்தில் தேடினால் கடைசியாக எப்போது, எதைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள் என்பது நிமிடத்தில் தெரிந்துவிடும். நுண்ணோக்கியையும் இ.இ.ஜி. கருவியையும் மாணவர்கள் கைவைத்துப் பழகுகிறார்களா, கண்ணாடி அலமாரியில் பார்க்க மட்டும்தானா என்று கேளுங்கள். போன ஆண்டு முடித்தவர்கள் எங்கே சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

நல்ல ஆசிரியர் இருந்தால் ஊர் ஒரு பொருட்டல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன், பக்கத்துச் சமணர் மலைக் குகையின் வௌவால்களை வைத்தே உயிரினங்களின் உள்கடிகாரம் பற்றி உலகத் தரத்தில் ஆய்வு செய்தார். பகல் இரவு தெரியாத தனியறை ஒன்றைக் கட்டி, மனிதர்களின் தூக்க விழிப்புச் சுழற்சியையும் அங்கேயே பதிவு செய்தார். ஆடம்பர வளாகம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருப்பவர்கள் காலண்டரில் குறித்துக்கொள்ள வேண்டியது இது: இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கும் ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி.க்கும் வழிவிடும் ஜாம் தேர்வு வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும். அதற்கான விண்ணப்பம் முந்தைய செப்டம்பர் வாக்கிலேயே தொடங்கிவிடும்.