திறன் ஒலிபெருக்கியை வீட்டு வலையமைப்புடன் இணைத்தல்

திறன் ஒலிபெருக்கி என்பது குரல் கட்டளைகளைக் கேட்டு இயங்குவதும், வைஃபை வழியாக இணையத்தைப் பயன்படுத்துவதுமான ஒலிபெருக்கி ஆகும். இது ஸ்மார்ட் ஸ்பீக்கர் எனப் பரவலாக அழைக்கப்படுகிறது. அமேசானின் எக்கோ 2014 ஆம் ஆண்டிலும், கூகுள் ஹோம் 2016 ஆம் ஆண்டிலும், ஆப்பிளின் ஹோம்பாட் 2018 ஆம் ஆண்டிலும் விற்பனைக்கு வந்தன. இத்தகைய கருவிகள் பலவற்றில் திரையோ விசைப்பலகையோ இல்லை. எனவே வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் கருவிக்கு எவ்வாறு தெரிவிப்பது என்பதே இணைப்பின் முதல் சிக்கலாகும்.

இணைப்பு நடைபெறும் முறை

இச்சிக்கலுக்குத் தீர்வாகத் திறன்பேசி இடையில் நின்று உதவுகிறது. முதலில், ஒலிபெருக்கியைத் தயாரித்த நிறுவனத்தின் செயலி திறன்பேசியில் நிறுவப்படுகிறது. மின்சாரம் கொடுத்தவுடன் புதிய ஒலிபெருக்கி அமைப்பு நிலைக்குச் செல்கிறது. எக்கோ கருவிகளில் ஆரஞ்சு நிற ஒளி இதனைக் காட்டும். அப்போது கருவி புளூடூத் மூலமாகவோ, தானே உருவாக்கும் தற்காலிக வைஃபை மூலமாகவோ திறன்பேசியுடன் தொடர்பு கொள்கிறது. வீட்டு வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் அவ்வழியே கருவிக்கு அனுப்பப்படுகின்றன.

பின்னர் ஒலிபெருக்கி தற்காலிகத் தொடர்பைத் துண்டித்துவிட்டு ரூட்டருடன் இணைகிறது. ரூட்டர் அதற்கு 192.168.1.15 போன்ற ஓர் உள் முகவரியை வழங்குகிறது. இறுதியாக, கருவி நிறுவனத்தின் வழங்கியைத் தொடர்பு கொண்டு, பயனரின் கணக்கில் பதிவாகிறது.

புளூடூத் ஒலிபெருக்கியிலிருந்து வேறுபாடு

சாதாரணப் புளூடூத் ஒலிபெருக்கிக்குப் பாடல் திறன்பேசியிலிருந்து வருகிறது. திறன்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே சென்றால் பாடல் நின்றுவிடும். திறன் ஒலிபெருக்கி பாடலை இணையத்திலிருந்து நேரடியாகப் பெறுவதால், இணைத்தபின் திறன்பேசி அருகில் இருக்கத் தேவையில்லை. ஆனால் இணையம் துண்டிக்கப்பட்டால் பெரும்பாலான குரல் கட்டளைகள் செயல்படுவதில்லை.

அலைவரிசைத் தேர்வு

வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டி அதிகத் தொலைவு செல்லும். ஆனால் மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத் கருவிகள், அண்டை வீட்டு வைஃபை ஆகியவற்றால் அதில் இடையூறு ஏற்படலாம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவர்களில் விரைவாக வலுவிழக்கும். சில ஒலிபெருக்கிகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்குபவை. அவற்றின் வைஃபை பட்டியலில் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு தோன்றாது.

இணையாமைக்கான காரணங்கள்

கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறுவது பொதுவான காரணமாகும். திறன்பேசி விருந்தினர் வலையமைப்பிலும் ஒலிபெருக்கி முதன்மை வலையமைப்பிலும் இருந்தால், செயலியால் கருவியைக் கண்டறிய இயலாமல் போகலாம். டபிள்யூபிஏ3 பாதுகாப்பை மட்டும் ஏற்கும்படி அமைக்கப்பட்ட ரூட்டருடன் பழைய கருவிகள் இணையாமல் போகலாம். கல்லூரி விடுதிகளிலும் தங்கும் விடுதிகளிலும் உள்ள வைஃபை, இணையப் பக்கம் ஒன்றில் பயனர் பெயரைக் கேட்பதுண்டு. திரையில்லாத கருவியால் அப்பக்கத்தைத் திறக்க முடியாது. புதிய ரூட்டர் வாங்கும்போது பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அதே பாதுகாப்பு முறையையும் வைத்தால், ஒலிபெருக்கி பொதுவாகத் தானாகவே இணைந்துவிடும்.

பாதுகாப்பு

திறன் ஒலிபெருக்கியின் ஒலிவாங்கி, எழுப்பும் சொல்லுக்காக எப்போதும் காத்திருக்கிறது. அச்சொல் கருவிக்குள்ளேயே கண்டறியப்படுகிறது. அதன் பின் பேசப்படுவது பெரும்பாலும் வழங்கிக்கு அனுப்பப்படுகிறது. சில வேளைகளில் ஒலிப்பில் ஒத்த வேறு சொல்லைக் கேட்டும் கருவி விழித்துக்கொள்ளும். தனிப்பட்ட உரையாடலின்போது ஒலிவாங்கியை அணைக்கப் பெரும்பாலான கருவிகளில் பொத்தான் அல்லது நிலைமாற்றி உள்ளது.

2016 ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கண்காணிப்புக் கேமராக்களையும் ரூட்டர்களையும் பெருமளவில் கைப்பற்றியது. ஆகையால் ஒலிபெருக்கியை இணைக்கும் முன் ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவது அவசியமாகும்.

கருவியை விற்கும்போதோ பிறருக்குக் கொடுக்கும்போதோ, அதைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்து, கணக்கிலிருந்தும் நீக்க வேண்டும். இல்லையெனில் வீட்டு வைஃபையின் கடவுச்சொல் அதன் நினைவகத்திலேயே இருந்துவிடும்.