எட்டு ஜிபியில் இரண்டு ஜிபி எங்கே போச்சு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூம்பாறையிலிருந்து ஓர் அண்ணன் கொடைக்கானலில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். மலைப்பூண்டு போடுகிற விவசாயி. நாங்கள் வீட்டுக்குப் பூண்டு வாங்குவது அவரிடம்தான். கூட அவர் மகள், எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறாள். அவள் கையில் புது லேப்டாப்.

"தம்பி, எட்டு ஜிபின்னு சொல்லிக் காசு வாங்கிட்டு ஆறு கூட இல்லாததக் குடுத்துருக்கான். நேத்தே போன்ல சத்தம் போட்டேன். நீங்க கடைக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்."

வாங்கிப் பார்த்தேன். ராம் நினைவகம் 8.00 ஜிபி, அதில் பயன்படுத்தக்கூடியது 5.93 ஜிபி என்று இருந்தது. டிஸ்க்கும் பெட்டியில் 512 ஜிபி, திரையில் 475. இரண்டு இடத்திலும் குறைகிறது. பூண்டு விற்ற காசு. கோபம் வராதா?

அந்தக் கோபம் எனக்குப் பழக்கமானது. 2009இல் 4 ஜிபி ராம் போட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். அது 3.25 ஜிபிதான் காட்டியது. கடைக்காரர் "அது அப்படித்தான் சார் காட்டும்" என்றார். அவருக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை, எனக்குக் கேட்கப் பொறுமை இல்லை. பி.இ. படித்த திமிர் வேறு. நாலு பேர் முன்னால் அவரைத் திருடன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சொன்னதுதான் சரி என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அதனால் "அண்ணே, முதல்ல என்னன்னு பாத்துருவோம்" என்று உட்கார வைத்தேன்.

முதலில் டிஸ்க். இது வெறும் கணக்கு. டிஸ்க் செய்கிறவர்களுக்கு ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட். விண்டோஸ் 1024 × 1024 × 1024, அதாவது 107 கோடியே சொச்சம் பைட்டை ஒரு ஜிபி என்கிறது. 51,200 கோடியை அதால் வகுத்தால் 476.8. ரெக்கவரிக்கென்று ஒதுக்கிய சின்னப் பகுதிகள் போக 475. பைட் ஒன்றுகூடக் குறையவில்லை, அளக்கும் படிதான் வேறு.

ஆனால் ராமுக்கு இந்தச் சமாதானம் செல்லாது. ராம் சில்லு செய்கிறவர்களும் 1024 கணக்கில்தான் விற்கிறார்கள். 8 ஜிபி என்றால் முழு 8 ஜிபி. அப்படியானால் 2.07 ஜிபி எங்கே?

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியை அழுத்தினால் கீழே 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்று ஒரு வரி வரும். அங்கே 2.1 ஜிபி இருந்தது. விடை அதுதான்.

இந்த லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. படம் வரையும் பகுதி பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. அதற்கும் நினைவகம் வேண்டும், ஆனால் சொந்தமாக ஏதும் இல்லை. ஆகவே சுவிட்சைப் போட்டதும், விண்டோஸ் எழுவதற்கு முன்பே, பயாஸ் ராமிலிருந்து ஒரு துண்டை வெட்டி அதற்குக் கொடுத்துவிடுகிறது. தன் சொந்த வேலைக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. பிறகு எழும் விண்டோஸிடம் "இந்தப் பகுதி உனக்கில்லை" என்று ஒரு வரைபடத்தை நீட்டுகிறது. மிச்சத்தைத்தான் விண்டோஸ் 'பயன்படுத்தக்கூடியது' என்று காட்டுகிறது. எவ்வளவு வெட்டுவது என்பது லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். அதனால்தான் ஒரு 8 ஜிபி மெஷின் 7.8 காட்டுகிறது, இன்னொன்று 5.9 காட்டுகிறது.

அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். "விதைக்குன்னு எடுத்து வைக்கிற பூண்டு மாதிரிங்கிறீங்க. வீட்டுலதான் இருக்கும், ஆனா விக்கிற கணக்குல வராது."

இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

என் 2009 கம்ப்யூட்டர் கதை கொஞ்சம் வேறு. அதில் இருந்தது 32 பிட் விண்டோஸ். 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் மொத்தம் 429,49,67,296. ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவு எண் என்றால், சரியாக 4 ஜிபிக்குப் போதும். ஆனால் கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு எல்லாவற்றுக்கும் அதே தெருவில் கதவு எண் வேண்டும். அவற்றுக்குக் கொடுத்தது போக, என் ராமில் முக்கால் ஜிபிக்கு எண்ணே மிஞ்சவில்லை. ராம் இருந்தது, கூப்பிட முகவரி இல்லை. 64 பிட்டுக்கு மாறியதும் அது திரும்பக் கிடைத்தது.

சரி, கடைக்காரர் உண்மையிலேயே ஏமாற்றினால் எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு எண்களில் முதல் எண்ணைப் பாருங்கள். 'நிறுவப்பட்டது' என்பதே 8க்குப் பதில் 4 என்று இருந்தால் கடைக்குப் போகலாம். ஒன்று சில்லு குறைவாகப் போட்டிருக்கிறார்கள், அல்லது அது சரியாகப் பொருந்தவில்லை. முதல் எண் சரியாக இருந்து இரண்டாவது மட்டும் குறைந்தால், கடைக்காரரை விட்டுவிடுங்கள். ஹார்ட்வேர் ரிசர்வ்டு எவ்வளவு, சிஸ்டம் 32 பிட்டா, சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் பூட் பகுதியில் 'மேக்ஸிமம் மெமரி' என்ற பெட்டியை யாராவது டிக் செய்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

ஒதுக்கியதைக் குறைக்க முடியுமா? சில லேப்டாப்களில் முடியும், பலவற்றில் அந்த வசதியை மறைத்து வைத்திருப்பார்கள். இதில் பயாஸுக்குள் 'யு.எம்.ஏ. ஃப்ரேம் பஃபர்' என்ற பெயரில் இருந்தது. 2 ஜிபியை 512 எம்பி ஆக்கினேன். திரும்ப எழுந்ததும் 7.43 ஜிபி. பெரிய கேம் விளையாடுகிறவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. மற்றவர்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை, கிராபிக்ஸுக்குக் கூடுதலாக வேண்டுமென்றால் அது விண்டோஸிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

"ஒன்றரை ஜிபியில என்ன சித்தப்பா பெரிசா வந்துரும்?" என்றாள் மகள்.

அவள் புராஜெக்டே அதற்குப் பதில் சொன்னது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கியது. அங்கே நூறு ஆண்டுகளாக எடுத்த சூரியப் படத் தகடுகளை டிஜிட்டல் ஆக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். அவள் அந்தப் படங்களில்தான் வேலை செய்கிறாள். ஒரு படம் 4096 × 4096 புள்ளி. கணக்குப் போடும்போது புள்ளிக்கு 8 பைட் என்று வைத்தால் ஒரு படத்துக்கு 128 எம்பி. ஒன்றரை ஜிபியில் பன்னிரண்டு படம் கூடுதலாக நிற்கும். பன்னிரண்டு நாள் சூரியன்!

கிளம்பும்போது அண்ணன் வாசலில் நின்று கடைக்குப் போன் போட்டார். "தம்பி, நேத்து கொஞ்சம் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. பொருள் சரியாத்தான் இருக்கு." அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. இவர் சிரித்தார்.

எனக்கும் அப்படி ஒரு போன் பண்ண ஆசைதான். 2009இல் நான் சண்டை போட்ட அந்தக் கடை இப்போது இல்லை.