32 பெட்டிகளில் 14 போதும்!

ஓசூர் தொழிற்சாலையில் ஷிப்டு மாறும் நேரம். சங்கு ஊதுகிறது. எந்திரத்தை விட்டு ஒருவர் எழுந்திருக்கிறார். அடுத்தவர் காத்து நிற்கிறார். முன்னவர் எல்லாச் சாமான்களையும் அள்ளிக்கொண்டிருந்தால் எந்திரம் சும்மா நிற்கும்!

கம்ப்யூட்டருக்குள்ளும் இதே கதைதான். ஒரே மூளை பல வேலைகளை மாறி மாறிச் செய்கிறது. ஆள் மாற்றும் மேஸ்திரியின் பெயர் 'கெர்னல்'. மாற்றும் அந்த இடத்தை, எந்திரத்தின் சொந்த மொழிக்கு மிக நெருங்கிய 'அசெம்பிளி'யில் எழுதுகிறார்கள்.

சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'சக்தி' சிப்பில் 2018-ல் 'லினக்ஸ்' ஓடியது. இந்தச் சிப்பு 'ரிஸ்க்-ஃபைவ்' இனம். எண்களை வைக்க அதில் 32 பெட்டிகள் உண்டு. ஆள் மாற்றும்போது லினக்ஸ் பத்திரப்படுத்துவது எத்தனை தெரியுமா? பதினான்கே!

மற்றவை என்ன ஆகும்? அவற்றில் பெரும்பாலானவற்றில் வேண்டியது இருந்தால், அந்த வேலையே முன்கூட்டி எடுத்து வைத்துவிட வேண்டும். அதுதான் விதி. அதை நம்பித்தான் இந்தச் சிக்கனம். மாற்றம் ஓயாமல் நடப்பதால் மிச்சமும் பெரிது.

ஆனால் 14-ஐ 13 ஆக்கினால்? டிபன் பாக்ஸை மறந்த தொழிலாளிக்கு ஒருவேளைச் சாப்பாடுதான் போகும். இங்கே ஒரு பெட்டியை மறந்தால் கணக்கு கலைந்துவிடும், கம்ப்யூட்டரே நின்றுவிடலாம்!