மண்கரையும் கலிங்கலும்

காட்டுமன்னார்கோயிலை அடுத்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் வீராணம் ஏரிக்கரை, முதலாம் பராந்தக சோழனின் வீரநாராயணன் என்னும் விருதுப்பெயரைச் சுமந்துகொண்டு, பத்தாம் நூற்றாண்டு முதல் எத்தனையோ முறை செப்பனிடப்பெற்றும் மண்கரையாகவே நிலைத்திருக்கிறது. தமக்குச் சொந்தமான நிலத்தில் ஓடையை மறித்துச் சிறுகரை எழுப்பிக்கொள்ளும் குடியானவருக்கும் இப்பெருங்கரைக்கும் பொருந்தும் சாஸ்திரம் ஒன்றுதான்.

ஜலத்தின் பாரத்தைத் தாங்குவது மண்ணுக்குப் பெரிய காரியமன்று. அகன்ற அடியும் சாய்ந்த பக்கங்களும் அதைப் பார்த்துக்கொள்ளும். மேலே வழிந்தோடும் பிரவாகத்தைத்தான் மண்ணால் பொறுக்க முடியாது. கரையுச்சியில் ஒரு சாண் தாழ்ந்த இடம் அகப்பட்டால் போதும், அங்கே வழியும் நீர் வெளிச்சரிவை அரித்துச் சில நாழிகைக்குள் உடைப்பாக்கிவிடும். அதனால்தான் உபரிநீருக்குக் கலிங்கல் என்ற கல்வாயிலை நம் முன்னோர் தனியே அமைத்தனர். வீராணத்தின் முழு மட்டம் 47.5 அடி, ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால், லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடைக்கும் சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றுக்கும் உபரியைத் திறந்துவிடுகிறார்கள்.

தனியுடைமைக் கரைகளிலோ, கலிங்கலில் போகும் ஜலம் நஷ்டக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. சம்பாவுக்கு இன்னொரு நனைப்பு கிடைக்குமே என்று பலகை வைத்தோ மண்மூட்டை அடுக்கியோ உயர்த்துவார்கள். சிலர் மீன் தப்பாமலிருக்க வலையும் கட்டுவார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ்டவுனுக்கு மேலே, மீன்பிடித்துப் பொழுதுபோக்கும் செல்வர் சங்கமொன்றின் சொத்தாயிருந்த மண்ணணையிலும் இப்படியே கலிங்கலில் மீன்தடுப்புக் கம்பிகள் பொருத்தியிருந்தனர். அடிமதகுக் குழாய்களோ முன்பே பெயர்த்தெடுக்கப்பட்டிருந்தன. 1889 மே 31ஆம் நாள் பெருமழையில் அது உடைய, 2,209 உயிர்கள் மாண்டன. அத்தனைக்கும் காரணம் கம்பிகள் மாத்திரமல்ல என்றாலும், அந்தக் கஞ்சத்தனத்தை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

மற்றோர் அபாயம் கண்ணுக்குப் புலப்படாதது. எலிவளை, நண்டுவளை, பட்டுப்போன மரத்தின் வேர், மதகின் கல்லும் மண்ணும் சேருமிடம் ஆகியவற்றின் வழியே நீர் புகுந்து, மண்துகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய்க் கரைக்குள் குழாய் போன்ற பாதையைத் துளைத்துக்கொள்கிறது. எல்லாக் கரையும் சிறிது கசியும். கசிவு தெளிந்திருக்கும்வரை கலங்க வேண்டியதில்லை. கலங்கல்நீராக வரத் தொடங்கினால், கரை உள்ளுக்குள் கரைகிறது என்று பொருள்.

2021ஆம் ஆண்டின் மத்திய அணைப் பாதுகாப்புச் சட்டம் 10 மீட்டருக்குக் குறைந்த கரைகளைத் தொடுவதில்லையாதலால், அவற்றின் காவல் உடையவர் கையில்தான் இருக்கிறது. அவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: கலங்கல் ஊற்றைக் கண்டவுடன் களிமண்ணைப் போட்டு அதன் வாயை அடைக்கலாகாது, அடைபட்ட நீர் வேறிடத்தில் பீறிடும். முதலில் மணல், அதன்மேல் ஜல்லி, அதற்கும் மேல் பெருங்கல் என்று பரப்பினால் நீர் வெளியேறும், மண் உள்ளே நிற்கும். மழை விட்டபின், ஏரி மட்டத்தைச் சிறுகச் சிறுகத் தணித்து, வளையைத் தோண்டித் திமிசு போட்டுச் செப்பனிடலாம்.